ஒப்பீட்டு நிகழ்வெண் வழியே நிகழ்தகவு கற்பித்தல்

ஒரு சோதனையைப் பலமுறை செய்து, குறிப்பிட்ட விளைவு வந்த எண்ணிக்கையை மொத்த முயற்சிகளால் வகுத்தால் கிடைப்பது ஒப்பீட்டு நிகழ்வெண். 40 முறை வீசிய புளியங்கொட்டை 26 முறை வெள்ளைப் பக்கம் விழுந்தால் அது 26/40, அதாவது 0.65. முயற்சிகள் பெருகப் பெருக இந்த எண் எந்த மதிப்பை ஒட்டி நிலைகொள்கிறதோ, அதுவே அவ்விளைவின் நிகழ்தகவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிகழ்தகவு ஒன்பதாம் வகுப்பில் தனிப் பாடமாக இருக்கிறது. ஆனால் ஒப்பீட்டு நிகழ்வெண்ணுக்குப் பின்னம், தசமம், சதவீதம் தெரிந்தால் போதும். இவை மூன்றும் நடுநிலை வகுப்புகளிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே அந்த வகுப்புகளில் எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்கி, சூத்திரத்துக்குப் பிறகு போவதே சரியான வரிசை. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

வழக்கமான தொடக்கம் நாணயமும் பகடையும். நாணயத்தில் தலை விழ 1/2, பகடையில் ஐந்து விழ 1/6 என்று வீசாமலே சொல்லிவிடலாம். எல்லா விளைவுகளுக்கும் சம வாய்ப்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதால் வரும் வசதி இது. சோழிக்கு அந்த வசதி இல்லை. அதன் வாய்ப்பக்கமும் முதுகுப் பக்கமும் ஒரே வடிவம் அல்ல. இரண்டு விளைவுகள் என்பதால் பாதிப் பாதி என்று சொன்னால் தவறாகிவிடும். தாயம் ஆட, ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டையும் அப்படித்தான். எவ்வளவு ஆழமாகத் தேய்க்கிறோமோ அதற்கேற்ப அதன் சமநிலை மாறும். ஒரு கொட்டையின் நிகழ்தகவு இன்னொன்றுக்கு ஒத்துவராது. வீசி, எண்ணி, எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1713இல் வெளிவந்த தம் நூலில் கணிதவியலாளர் யாக்கோப் பெர்னூலி இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார்: நோய், வானிலை போன்றவற்றின் வாய்ப்பை முன்கூட்டியே கணக்கிட முடியாது, நடந்தவற்றை எண்ணித்தான் அறிய முடியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தொழில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பதனிட வரும் தோலில் உண்ணிக்கடி, முள் கீறல், சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு எத்தனையில் இருக்கும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. தரம் பிரித்து எண்ணினால்தான் தெரியும். காலணி ஏற்றுமதியில் சரக்கைச் சோதிக்க ஜோடி ஜோடியாக எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பதற்குப் பதில் மாதிரி எடுக்கும் முறை உண்டு. இதற்கென உலகெங்கும் பயன்படும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையின் வழக்கமான நிலையில், 501 முதல் 1,200 வரையுள்ள சரக்குக்கு 80 எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கத்தக்க தர அளவு 2.5 எனில், குறையுள்ளவை ஐந்து வரை இருந்தால் சரக்கு தேறும். ஆறு இருந்தால் திரும்பும். உண்மையில் பத்தில் ஒன்று பழுதான சரக்கும் இந்தச் சோதனையில் தேறிவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மாதிரி உறுதி தராது, ஆனால் வாய்ப்பின் அளவைச் சொல்லும் என்பதை ஏழாம் வகுப்பு மாணவருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

இந்த முறைக்கு எதிரான முதல் வாதம், ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விடை வந்து பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது. அந்த வேறுபாடுதான் பாடமே. நாணயத்தை 25 முறை சுண்டினால் தலையின் ஒப்பீட்டு நிகழ்வெண் 0.3க்கும் 0.7க்கும் இடையில் எங்கு வந்தாலும் வியப்பில்லை. 40 மாணவர்கள் ஆளுக்கு 25 முறை சுண்டி, அந்த 1,000 முயற்சிகளையும் கரும்பலகையில் கூட்டினால் விடை பெரும்பாலும் 0.47க்கும் 0.53க்கும் இடையில் அடங்கிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் இருந்த கணிதவியலாளர் ஜான் கெரிச் 10,000 முறை சுண்டி 5,067 தலைகளைப் பெற்றார். சிறு மாதிரியின் தடுமாற்றத்தைப் பெரியவர்களும் உணர்வதில்லை. நாளுக்கு 45 பிரசவம் பார்க்கும் மருத்துவமனை, 15 பார்க்கும் மருத்துவமனை இவற்றில் எதில் ஆண் குழந்தைகள் 60 சதவீதத்தைத் தாண்டும் நாட்கள் அதிகம் என்று உளவியலாளர்கள் கானமனும் டிவெர்ஸ்கியும் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்கள் இரண்டும் ஒன்றே என்றார்கள். சரியான விடை சிறிய மருத்துவமனை.

பகடையும் சோழியும் சூதாட்டத்தைப் பழக்கும் என்பது இரண்டாவது தடை. 2003இல் லாட்டரியைத் தடை செய்த மாநிலத்தில் இந்தக் கவலை இயல்பானது. ஆனால் பந்தயம் வைப்பவர் நம்பியிருப்பது, அடுத்த சுற்றில் நமக்கு விழுந்தே தீரும் என்ற எண்ணத்தை. ஆயிரம் வீச்சை எண்ணிப் பார்த்தவரிடம் அந்த எண்ணம் எளிதில் வேர் பிடிக்காது. மூன்றாவது, தேர்வுக்கு வேண்டியது சூத்திரம்தானே என்ற வாதம். சூத்திரம் தேவைதான், அது எந்தக் கேள்விக்கு விடை என்று தெரிந்த பிறகு வந்தால் நிற்கும். என்சிஇஆர்டியின் பழைய ஒன்பதாம் வகுப்பு நூலில் நிகழ்தகவுப் பாடம் முழுவதும் சோதனை முறையில் அமைந்து, பத்தாம் வகுப்பில் சூத்திரம் தொடர்ந்தது. 2022இல் பாடச்சுமையைக் குறைத்தபோது நீக்கப்பட்டது அந்த ஒன்பதாம் வகுப்புப் பாடம். சூத்திரம் மட்டும் தங்கியது.

வெட்ட வேண்டிய நிலை வந்தால் பகடைக் கணக்குகளில் சிலவற்றை வெட்டலாம், எண்ணும் பாடத்தை வெட்டக் கூடாது. அதற்கு ஆய்வகமோ கணினியோ வேண்டாம்: இரண்டு பாடவேளை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, கோடிட்ட ஒரு நோட்டு போதும்.