கண்ணுக்குத் தமிழ், காதுக்கு ஜே கே பி ஓ

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன் நான். வலது ஆள்காட்டி விரலுக்கு 'த', நடுவிரலுக்கு 'ம' என்று பழகிய கை. தொண்ணூறுகளின் கடைசியில் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பயந்தேன். ஆனால் பாமினி எழுத்துருவில் எழுத்துகள் பெரும்பாலும் பழைய டைப்ரைட்டர் இடத்திலேயே இருந்தன. பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிக்கு வேறொருவர் விலை கொடுத்தது 2008-ல்தான் தெரிந்தது. எங்கள் டெலிபோன் ஆபரேட்டருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சேலையூரிலிருந்து வருவார். பார்வையற்ற ஊழியர்களின் பயணப்படி பற்றி ஒரு சுற்றறிக்கை அடித்திருந்தேன். "எனக்கான சர்க்குலர்தானே சார், ஃபைலைக் கொடுங்க, நானே கேட்டுக்கறேன்" என்றார். அவர் கம்ப்யூட்டரில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தது. 'தமிழ்நாடு' என்ற முதல் சொல்லுக்கே அது "ஜே, கே, பி, ஓ" என்று ஆரம்பித்தது. "சார், இதுல தமிழே இல்லையே!" என்றார். கடைசியில் நான்தான் படித்துக் காட்டினேன். தன் படிக் கணக்கை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். அந்த எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் சேமித்தது ஆங்கில எழுத்தின் எண்ணை. 'ஜே'யின் மேல் 'த' என்ற படத்தை ஒட்டியிருந்தார்கள். அதாவது சேமிக்கப்பட்டது தமிழ் அல்ல, என் விரல் போன இடம். கண் ஏமாறும், காது ஏமாறாது.

இத்தனைக்கும் பார்வையற்றோருக்கான எழுத்தில் நம் நாடு இதை எப்போதோ சரியாகச் செய்திருந்தது. 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவானது. ஒலியை வைத்துப் புள்ளிகளைப் பிரித்தார்கள். 'க' எந்த மொழியில் வந்தாலும் அதே புள்ளிகள்தான்.

கம்ப்யூட்டரில் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தது யூனிகோடு. 1991-லேயே அதில் தமிழுக்குத் தனி இடம் இருந்தது. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்தார்கள். ஆனாலும் என்னைப் போன்றவர்கள் பழைய பழக்கத்தை விடவில்லை. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல்.

2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற வாசிப்பு மென்பொருளை எழுதத் தொடங்கி, இலவசமாகவே கொடுத்தார். அதில் தமிழை மனிதக் குரலாகக் கேட்க வைக்க, கிண்டி பக்கம் ஐஐடியிலும் நம் களவாக்கம் எஸ்எஸ்என் கல்லூரியிலும் பேராசிரியர்கள் உழைத்தார்கள். ஆனால் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், உள்ளே இருப்பது தமிழாக இருந்தால்தானே வாசிக்கும்?

போன மாதம் அந்த நண்பர் போன் செய்தார். "வாட்ஸ்அப்ல நீங்க தினம் ஒரு படம் அனுப்பறீங்க சார். அதுல என்ன எழுதியிருக்கு?" என்றார். வெட்கமாக இருந்தது. காகிதத்தை ஸ்கேன் செய்து போட்ட உத்தரவும், வாசகம் எழுதிய படமும் பழைய பாமினி மாதிரிதான். கண்ணுக்கு மட்டுமே தமிழ்.

இப்போதெல்லாம் அவருக்கு அனுப்புவதை ஒவ்வோர் எழுத்தாக அடித்தே அனுப்புகிறேன். டைப்ரைட்டிங் படித்தவனுக்கு அது ஒரு சிரமமா!