புதுவைக் கடற்கரைச் சாலை: ஒன்றரைக் கிலோமீட்டர் வரலாறு

மேட்டுப்பாளையம் பக்கம் லாரிகளும் தொழிற்பேட்டைப் புகையும்தான். அங்கிருந்து கிளம்பி ஊரைக் குறுக்கே கடந்தால் கடல். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் கிடையாது. தெற்கே துய்ப்ளே சிலையிலிருந்து வடக்கே தலைமைச் செயலகம் வரை சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் முந்நூறு வருடக் கதை இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். புதுச்சேரி பெரிய துறைமுகப் பட்டினம் என்று படிக்கிறோம். ஆனால் கப்பல் கரைக்கு வர இங்கே வசதியே கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்கு என்ற படகில்தான் வரவேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்திருந்தால் அலை மோதும்போது உடைந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதெல்லாம் விடாமல் வரும். கவர்னர் துய்ப்ளேயையே அந்தக் காலத்து அலைதான் ஏற்றி இறக்கியது!

1761 புத்தாண்டையொட்டி வீசிய புயலில், ஊரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்கள் பல நாசமாயின. ஆனாலும் அந்த மாதமே பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள், ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆக, இன்று நாம் 'பழைய பிரெஞ்சு நகரம்' என்று படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பின் கட்டியவை.

1836-ல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1979-ல் புதியது வரும் வரை அதுதான் வழிகாட்டி. 1853-ல் ஓரேலி என்ற கப்பலில் நம் பக்கத்துக் கூலித் தொழிலாளர்கள் மார்த்தினிக் தீவுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர். பாலம்கூட இல்லாத கரையிலிருந்து, சலங்கில் ஏறி. கடலோர இரும்புப் பாலம் வந்தது 1860களில்தான், 1952 புயலில் அதுவும் போயிற்று.

சிலைகளின் கதை வேடிக்கையானது. 1870-ல் வைத்த துய்ப்ளே சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களை நிறுத்தினார்கள். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போனபின் துய்ப்ளே தெற்குக் கோடிக்குப் போய்விட்டார். தூண்களுக்கு நடுவே இப்போது காந்தி நிற்கிறார். தூண்களைக் கேட்டால் தாங்கள் செஞ்சிக்காரர்கள் என்றுதான் சொல்லும்.

இனி என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் கட்டினார்கள். நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். தடுப்பு அந்த மணலைத் தெற்கே பிடித்து நிறுத்திவிட்டது. வடக்கே வரவு நின்றது, ஆனால் செலவு நிற்கவில்லை. கொஞ்ச வருடத்தில் நகரத்தின் மணற்கரை காணாமல் போய், கருங்கல் குவியல்தான் மிச்சம். நாங்கள் சிறுவயதில் 'பீச்' என்று பார்த்ததெல்லாம் பாறைகள்தான். மணல் வீடு கட்டியதாக அப்பா சொன்னால் நம்ப முடியாது.

கல் கொட்டியதால் சாலை பிழைத்தது. அரிப்பு மட்டும் அடுத்த வீட்டுக்குப் போனது: வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழக எல்லையில் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருந்த மணல் மீனவர்களுக்குப் போயிற்று. நடைப்பயிற்சிக்காரர்களுக்கு அலையின் அழகு கிடைத்தது.

2018-19-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அலையின் வேகம் குறைந்து மணல் சேர்ந்தது. முப்பது வருடத்துக்குப் பின் காந்தி சிலைப் பக்கம் பிள்ளைகள் மணலில் இறங்கினார்கள். தந்திராயன்குப்பத்துக்காரர்கள் வடக்கே இன்னும் கல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.