கதவைச் சாத்தியவர்களையும் ஆராய்வோம்



நொய்யல் கரையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத மங்கலத்தை மனதில் வைத்துப் பேசுகிறோம். இந்தப் பனியன் சீமை ஒருகாலத்தில் கிணற்றுப் பாசனச் சீமை. கவலை இறைக்கத் தோல்பறி தைத்துக் கொடுத்தும், பண்ணயத்தில் பாடுபட்டும் வாழ்ந்தவர்கள் அருந்ததியர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பம்புசெட்டுகள் பெருகப் பெருகத் தோல்பறி மறைந்தது. பேரப்பிள்ளைகள் செக்கிங்குக்கும் பவர்டேபிளுக்கும் போனார்கள். உடை மாறியது, தொழில் மாறியது. அடையாளம் மாறியதா?

சமூக அறிவியல் இதை எப்படிப் படித்தது என்று பார்ப்போம். 1936இல் ரெட்ஃபீல்ட், லிண்டன், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகிய மூன்று அமெரிக்க மானிடவியலாளர்கள் பண்பாட்டேற்புக்கு ஒரு வரையறை தந்தார்கள். இரு குழுக்கள் தொடர்ந்து நேரடியாகப் பழகும்போது ஒன்றிலோ இரண்டிலுமோ நேரும் மாற்றம் அது என்றார்கள். 'இரண்டிலுமோ' என்பதைக் குறித்துக்கொள்வோம். 1952இல் எம்.என். சீனிவாஸ் குடகு ஆய்வில் 'சமஸ்கிருதமயமாக்கம்' என்ற கருத்தை வைத்தார். கீழே வைக்கப்பட்டவர் மேலே உள்ளவரின் சடங்கையும் உணவையும் பின்பற்றி உயர முயல்கிறார் என்பது அதன் சாரம். அன்றுமுதல் ஆய்வாளரின் பார்வை பெரும்பாலும் கீழ்நோக்கியே நின்றது.

ஆனால் அதற்கு 36 ஆண்டுகள் முன்பே, 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் இதைப் பேசிவிட்டார். பிரெஞ்சு அறிஞர் தார்த் சொன்ன 'போலச் செய்தல்' விதியை எடுத்துக்கொண்டார், அதோடு நிற்கவில்லை. சிலர் கதவைச் சாத்தினார்கள், மற்றவர்கள் தமக்கெதிராகக் கதவு சாத்தப்பட்டிருக்கக் கண்டார்கள் என்று விளக்கினார். சாதி அடையாளம் ஒருவர் விரும்பி ஏற்பது மட்டுமல்ல, வெளியே நிறுத்தப்படுவதாலும் உருவாவது.

கொங்கில் இதைப் பொருத்திப் பார்ப்போம். காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1972இல் வந்த தம் நூலில், இங்கே எல்லாச் சாதிக்கும் பிராமணரே முன்மாதிரி அல்ல என்று காட்டினார். நிலத்தைச் சார்ந்த வலங்கைச் சாதிகளுக்கு நிலமும் அதிகாரமுமே அளவுகோல். திருப்பூரை ஆராய்ந்த சரத் சாரி, உழவிலிருந்து வந்த கவுண்டர் முதலாளிகள் தம் உயர்வுக்கு 'உழைப்பு' என்று காரணம் சொல்வதை 2004இல் வெளியான நூலில் பதிவு செய்தார். உழைத்தது உண்மைதான். தோல்பறி தைத்தவரும் உழைத்தாரே! அந்த உழைப்பு ஏன் முதலாகவில்லை? நிலம் இல்லை, கைமாற்றுத் தர உறவு இல்லை, கூட்டுச் சேர்க்க ஆள் இல்லை. இதுதான் சாத்திய கதவு.

2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு கல்லூரிக் கதவையும் அரசு வேலைக் கதவையும் கொஞ்சம் திறந்தது. பனியன் கம்பெனி வாசலில் அது செல்லாது.

ஆகவே மாணவ நண்பர்களே, ஆய்வுக்கு வரும்போது 'அருந்ததியர் எப்படி மாறினார்கள்?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஜாப் ஒர்க் யாருக்குப் போகிறது? வாடகை வீடு யாருக்கு மறுக்கப்படுகிறது? மறுப்பவர் எந்த அளவு மாறியிருக்கிறார்? இவற்றையும் கேளுங்கள். 'இரண்டிலுமோ' என்ற அந்தச் சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வரும்.

ஜெய்பீம்!