ரெண்டு கதவு ஹெரால்டு

ஸ்போர்ட்ஸ் கூபேன்னு சொன்னா ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911 இப்படித்தான் ஞாபகம் வரும். ரெண்டே கதவு, பின்னாடி சரிஞ்சு இறங்குற கூரை, முன்சீட்டுல ரெண்டு பேருக்கு சவுகரியம், பின்சீட்டு சும்மா பேருக்கு. அறுபதுகள்ல நம்ம ஊர்ல அப்படி ஒரு வண்டி யாரும் செய்யலை. இறக்குமதி பண்றதும் சாமானியன் நினைச்சுப் பார்க்கிற காரியமில்லை. உதிரி பாகங்களை படிப்படியா இங்கேயே தயாரிக்கிற கம்பெனிகளுக்குத்தான் இடம்னு 1953-ல மத்திய அரசு முடிவெடுத்தப்புறம், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டையைக் கட்டிக்கிட்டு கிளம்பிட்டாங்க. மிஞ்சின கார்கள் மூணு வகை. கல்கத்தா பக்கத்து ஹிந்துஸ்தான் (அதாவது அம்பாசடர்), பம்பாய் ஃபியட், அப்புறம் நம்ம வண்டலூர் ஸ்டாண்டர்டு.

எங்க ஒலக்கூர்ல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல ஏறி, தொழுப்பேடு, மேல்மருவத்தூர், செங்கல்பட்டுன்னு நேரா வடக்கே போனா வண்டலூர். இப்போ அந்தப் பேரைச் சொன்னா மிருகக்காட்சி சாலையும், கொஞ்சம் முன்னாடி கிளாம்பாக்கம் பஸ் நிலையமும்தான் எல்லாருக்கும் தெரியும். அங்கேதான் ஒரு காலத்துல முழுசா ஒரு கார் தொழிற்சாலை ஓடிக்கிட்டிருந்தது. இங்கிலாந்து கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-ல ஆரம்பிச்சது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் எல்லாம் செஞ்சாங்க. 1961-ல வந்தது ஹெரால்டு.

முதன்முதலா ஒரு பழைய வண்டியை வாங்கி சரி பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. அதுவும் கூபேயா இருக்கணும். அதுக்கு நான் ஏன் ஹெரால்டுகிட்ட வந்து நிக்கிறேன்னு சொல்லணும்னா அதோட பூர்வீகத்தைச் சொல்லணும். கொஞ்சம் பொறுமை வேணும், சொல்லிட்டேன் :-)

இங்கிலாந்துல ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் சின்ன கம்பெனி. காரோட உடம்பை வெளியில ஃபிஷர் அண்ட் லட்லோன்னு ஒரு கம்பெனிகிட்ட வாங்கிக்கிட்டிருந்தாங்க. 1953-ல போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அதையே விலைக்கு வாங்கிடுச்சு. அடுத்த மாடலுக்கு உடம்பு செய்ய ஆள் இல்லை. அந்தக் காலத்துல மத்தவங்க எல்லாம் அடிச்சட்டம், கூடு எல்லாத்தையும் ஒண்ணா வெல்டு பண்ணி ஒரே பெட்டியா செய்ய ஆரம்பிச்சிருந்தாங்க. இவங்களுக்கு அது முடியாது. அதனால பழைய முறைக்கே போனாங்க. தனியா ஒரு சட்டம் (நம்ம மெக்கானிக்குங்க பாஷையில 'சேஸ்'). அதுக்கு மேல, வேற வேற சின்ன பட்டறைகள்ல செஞ்ச துண்டுகளை போல்ட்டு போட்டு முடுக்குறது. இத்தாலி டூரின் நகரத்து ஜியோவானி மிக்கலோட்டி வடிவம் போட்டுக் கொடுத்தார். 1959-ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல அறிமுக விழா. மேடையிலேயே சில நிமிஷத்துல ஒரு வண்டியைக் கோர்த்துக் காட்டினாங்களாம்.

கையாலாகாம செஞ்ச வேலைதான். ஆனா அதுல ரெண்டு லாபம் வந்து விழுந்தது. ஒண்ணு, வண்டியைத் துண்டு துண்டா மரப்பெட்டியில அடைச்சு கப்பல்ல அனுப்பி, மெட்ராஸ் மாதிரி ஊர்ல வெச்சு சுலபமா கோர்க்கலாம். ரெண்டு, ஒரே அடிப்பாகத்துக்கு மேல கூரையை மட்டும் மாத்தி மாத்தி வெச்சு சலூன், கூபே, கன்வர்ட்டிபிள்னு விக்கலாம். ஏன்னா கூரையே போல்ட்டுலதான் நிக்குது! ஸ்பிட்ஃபயர்னு பேர் வாங்கின ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் காரும் இந்த ஹெரால்டோட சேஸ் வழிவந்ததுதான்.

ஹெரால்டு அங்கே முதல்ல வந்தப்பவே கூபேயும் இருந்தது. அதே 948 சி.சி. இன்ஜின்தான். ஆனா கூபேக்கு ரெண்டு கார்புரேட்டர், 45 குதிரைத்திறன். சலூனுக்கு ஒரே கார்புரேட்டர், 35 குதிரைத்திறன். கூபே ரொம்ப நாள் ஓடலை, 1964-லயே நிறுத்திட்டாங்க. வண்டலூருக்கு வந்தது சலூன். இருந்தாலும் ரெண்டு கதவு சலூன். அதுதான் எனக்கு முக்கியம். மூக்குல இருந்து கண்ணாடி வரைக்கும் கூபேயும் இதுவும் அண்ணன் தம்பி.

அந்த மூக்கைப் பத்தி தனியாவே எழுதலாம். பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. பக்கத்துக்கு ஒரு கொக்கியை விடுவிச்சு இழுத்தா முழுசா முன்பக்கமா சாஞ்சிடும். டயர் மேலயே குந்திக்கிட்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். அம்பாசடர்ல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போன மெக்கானிக்குங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அருமை தெரியும். திரும்புற வட்டமும் சின்னது, 25 அடிதான். நம்ம தெருவுலயே ஒரே வளைப்புல திருப்பிடலாம்.

பின்சக்கரங்கள் தனித்தனியா ஆடுற அமைப்புதான் வில்லங்கம். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வேகமா போய் வளைவுல திடீர்னு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, பின்சக்கரம் உள்பக்கமா மடங்கிக்கும். நம்ம ரோட்டுக்கும் சுமைக்கும் அது சரிப்படலைன்னு வாங்கினவங்களும் மெக்கானிக்குங்களும் புலம்பினாங்க. இன்னொரு புலம்பல் கதவு. அம்பாசடர்லயும் ஃபியட்லயும் நாலு கதவு இருக்கிறப்ப, பாட்டியையும் பசங்களையும் முன்சீட்டை மடிச்சு உள்ள தள்ளணுமான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு கார் கிடைக்கிறதே அதிசயமா இருந்த காலம் அது. 1968-ல வண்டலூர்க்காரங்களே நாலு கதவு ஹெரால்டு செஞ்சாங்க. இங்கிலாந்துல கூட கிடையாது அது. அப்புறம் எழுபதுகள் தொடக்கத்துல முகத்தை மாத்தி, பின்னாடி வழக்கமான ஒரே அச்சு போட்டு கெஜல்னு விட்டாங்க. 1977-ல அதுவும் நின்னுது.

எண்பதுகள்ல ரோவர் எஸ்.டி.1 உடம்பை எடுத்து, பழைய வான்கார்டு வழி இன்ஜினை உள்ள வெச்சு ஸ்டாண்டர்டு 2000-ன்னு ஒண்ணு வந்தது. பார்க்க கம்பீரம், இழுவை ஒண்ணுமில்லை. 1988-ல கார் உற்பத்தியே முடிஞ்சுபோச்சு.

ஆக மிச்சம் இருக்கிறதுல கூபேக்கு ரொம்பக் கிட்ட வர்றது 1961-ல இருந்து 68 வரைக்குமான ரெண்டு கதவு ஹெரால்டு. பாதி காயலாங்கடைக்கே போயிருக்கும். இப்போ என் பார்வையில இருக்கிற ஒண்ணு, மல்லாட்டை மூட்டை அடுக்கற கொட்டாயில வருஷக்கணக்கா கிடக்குது. கதவு, பானெட்டு எல்லாம் இருக்கு. கூரை மட்டும் நசுங்கியிருக்கு.

இங்கேதான் சபலம். கூரை போல்ட்டுலதானே நிக்குது? இங்கிலாந்துல இருந்து ஒரு கூபே கூரையைத் தருவிச்சு வெச்சிட்டா? ரெண்டு கார்புரேட்டரும் மாட்டிட்டா? உள்ளூர் டிங்கரிங் பட்டறைக்காரர் "ரெண்டு நாள் வேலை சார்"னு கண்ணடிக்கிறார்.

2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி ஐம்பது வருஷம் தாண்டணும், ரெண்டு கதவு ஹெரால்டு எல்லாமே எப்பவோ தாண்டியாச்சு. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். புதுசா பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். பேரணி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும் ரோட்டுல எடுக்கலாம். அதுல முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் வடிவத்துல இருக்கணும். சேஸ், உடம்பு, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாது.

விதி இல்லாட்டியும் எனக்கு மனசு ஒப்பலை. கூபே கூரை வெச்சா அது கவென்ட்ரியில ஆயிரக்கணக்குல செஞ்ச வண்டிக்கு ஒரு போலி நகல். நசுங்கின சலூன் கூரையைத் தட்டி எடுத்தா அது வண்டலூர் வண்டி. நம்ம ரோட்டுல பிறந்தது. கூபே கிடைக்காத ஊர்ல கூபே ஆசை இருந்தவன் எதை ஓட்டினான்னு அதுதான் காட்டும். பட்டறைக்காரர்கிட்ட சலூன் கூரையையே நிமிர்த்தச் சொல்லியாச்சு. அவருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

உங்கள்ல யாராவது இதே மாதிரி ஒண்ணைத் தேடினா, பெயிண்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்க. கீழே படுத்து, சேஸோட பக்கவாட்டுக் கைகளையும் பின்முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. துரு அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். முன்சக்கரம் திரும்புற பித்தளை டிரனியன்ல கிரீஸ் அடிச்சு வெச்சிருப்பாங்க. அதுக்கு வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். காய்ஞ்சு போனா அது ஒடிஞ்சு சக்கரம் சாஞ்சிடும். ஸ்பிட்ஃபயருக்கும் அதே வகைப் பாகம்தான்கிறதால இங்கிலாந்துல இன்னிக்கும் புதுசா கிடைக்குது. ஆர்.சி. புக்கு இல்லாத வண்டின்னா மட்டும் விலை எவ்வளவு குறைச்சாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. எனக்கு வர்றவருகிட்ட புக்கு இருக்குன்னு சொல்லியிருக்கார். வெள்ளிக்கிழமை சேஸ் நம்பரை வெச்சு சரி பார்க்கப் போறேன்.