நிறுத்திப் பார்த்து எழுதிய பக்கம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரி நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்று ஒரகடத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். ஓரத்துச் சீமைக்கருவேலத்தில் ஒரு கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் நாலு எட்டு தள்ளிப் போடுவார். டிரைவர் போனை எடுப்பார். இந்த வரிசையை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் நின்ற வண்டி நின்ற இடத்திலேயே இருக்கும். யோசிக்க நேரம் உண்டு. டீ குடிக்கவும் நேரம் உண்டு.

இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் என்ஜின் நின்றால் முட்டுக் கொடுக்கக் கல் கிடையாது. செய்ய வேண்டியது எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். விமானத்தோடு சேர்ந்து வரும் கையேட்டுக்கு ஒரு வரிசை உண்டு. 1975இல் அமெரிக்கப் பொது விமானத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த வரிசை அது. இன்றைய சிறு விமானக் கையேடுகள் பெரும்பாலும் அதையொட்டித்தான் வருகின்றன. அதில் மூன்றாம் பகுதி அவசரகால நடைமுறை. வழக்கமான நடைமுறை நான்காம் பகுதி. என்ஜினை எப்படிக் கிளப்புவது என்று சொல்லும் முன்பே, அது நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வரிசையை வகுத்தவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

அந்த மூன்றாம் பகுதியில் ஒரு பக்கம், பறக்கும்போது நின்ற என்ஜினை மறுபடி கிளப்புவது பற்றியது. பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். நம் நாட்டில் அப்படியொரு பக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

செக்லிஸ்ட் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகரில் போயிங்கின் புதிய நான்கு என்ஜின் விமானம், வால்பகுதிக் கட்டுப்பாட்டுப் பூட்டைத் திறக்காமலே கிளம்பி, செங்குத்தாக ஏறி விழுந்தது. ஓட்டிய மேஜர் ஹில் இறந்தார். அதற்குப் பிறகு விமானிகள் ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்கள். நிர்வாகவியல் மேடைகளில் அலுக்கும்வரை சொல்லப்பட்ட கதை இது. ஆனால் அந்தச் சீட்டு மறதிக்கான மருந்து. மறக்காமல் பூட்டைத் திறக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்த விஷயம். என்ஜினை வானத்தில் மறுபடி கிளப்பும் பக்கத்தின் கதை வேறு: அதில் இருக்க வேண்டிய எண்கள் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. எந்த வேகத்தில்? எந்த உயரத்துக்கு மேல்? புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போதா, அசையாமல் நிற்கும்போதா? எத்தனை முறை முயலலாம்? கணக்குப் போட்டு ஓரளவு சொல்லலாம். மீதியைத் தெரிந்துகொள்ள, யாராவது மேலே போய் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினை வேண்டுமென்றே நிறுத்த வேண்டும்.

ஒரகடத்திலேயே உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கார்களைத் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று அளக்கிற வேலையும் அங்கே உண்டு. உள்ளே இருப்பவர் பொம்மை. தலையிலும் மார்பிலும் உணர்கருவி பொருத்திய, சம்பளம் கேட்காத, குடும்பம் இல்லாத பொம்மை. வானத்தில் என்ஜினை நிறுத்திப் பார்க்கும் சோதனையில் இன்றுவரை அந்த இருக்கையில் மனிதர்தான்.

2009 மார்ச் 6. பெங்களூரில் இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம், சுருக்கமாக என்.ஏ.எல்., உருவாக்கிய சரஸ் விமானத்தின் இரண்டாவது மாதிரி, எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து பிற்பகலில் கிளம்பியது. பதினான்கு பேர் பயணம் செய்யக்கூடிய, இரண்டு என்ஜின் கொண்ட விமானம். புரொப்பெல்லர்கள் பின்னோக்கி இருந்து தள்ளும் அமைப்பு. அன்றைய சோதனைகளில் ஒன்று இதுதான்: சுமார் 9,000 அடியில் இடது என்ஜினை நிறுத்துவது, பிறகு கிளப்புவது. உள்ளே விமானப் படையின் விமானங்கள் மற்றும் அமைப்புகள் சோதனை நிறுவனத்தைச் சேர்ந்த மூவர்: விங் கமாண்டர் பிரவீன் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, சோதனைப் பொறியாளர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. என்ஜினை நிறுத்தினார்கள். மறுபடி கிளப்பும் முயற்சியில் விமானம் வேகமாக உயரத்தை இழந்தது. பிடதி அருகே வயல்வெளியில் விழுந்து எரிந்தது. மூவரும் இறந்தார்கள்.

அந்த விபத்தை விசாரித்த சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் முடிவு கசப்பானது. வடிவமைத்தவர்கள் வகுத்துத் தந்த மறுகிளப்பு நடைமுறையே தவறு. அதைப் போதாத உயரத்தில் செய்தார்கள். விமானம் இயல்புக்கு மாறாக நடந்துகொண்டு உயரத்தை இழந்தது. உடன் காரணங்களாகச் சொல்லப்பட்டவற்றில் இரண்டு என் மனத்தில் தங்கிவிட்டன. ஒன்று, என்ஜின் கிளம்பவில்லை என்று தெரிந்தபோது, பறப்புச் சோதனை இயக்குநரோடு கலந்து சோதனையைக் கைவிடாதது. மற்றொன்று, புரொப்பெல்லர் தயாரித்த நிறுவனத்தைக் கேட்காமலே என்.ஏ.எல். அந்த நடைமுறையை எழுதியது.

புரொப்பெல்லர் தயாரித்தவரை ஏன் கேட்க வேண்டும்? இத்தகைய விமானங்களில் புரொப்பெல்லரின் இதழ்களைத் திருப்பி, அவற்றின் விளிம்பு மட்டும் காற்றை எதிர்கொள்ளும்படி வைக்க முடியும். நின்றுபோன என்ஜினின் இதழ்கள் அப்படி இருந்தால் காற்று அவற்றை உரசிக்கொண்டு போய்விடும். இதழ்கள் தட்டையாகத் திரும்பினால் அதே காற்று அவற்றைச் சுழற்றும். அந்தச் சுழற்சிக்கான விலையை விமானம் தன் வேகத்திலிருந்து கொடுக்கும். ஒரு பக்கத்து என்ஜின் மட்டும் இப்படி இழுத்தால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். எந்த வரியில் இதழைத் திருப்புவது, அதற்கு முன் எந்த வரி வர வேண்டும் என்பதெல்லாம் இலக்கணப் பிரச்சினை போலத் தோன்றும். இரண்டு வரிகள் இடம் மாறினால் போதும்.

ஆக, நம் பக்கத்தின் முதல் வரைவு இப்படித்தான் தோற்றது.

அதே ஆண்டு ஜூலையில் விமானப் படையின் அடிப்படைப் பயிற்சி விமானம் எச்.பி.டி.-32 ஒன்று விழுந்து இருவர் இறந்தனர். ஒற்றை என்ஜின் கொண்ட விமானம். நடுவானில் என்ஜின் நின்றுபோவது அதன் நெடுநாள் நோய். அந்த விபத்தோடு அவை அனைத்தும் தரையிறக்கி நிறுத்தப்பட்டன. பயிற்சி பெறும் பிள்ளைகள் ஓட்டும் விமானத்தில் இந்தப் பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரஸைவிட மூத்தது, சிறியது, என்.ஏ.எல்.லின் ஹன்சா. அருகருகே இரண்டு இருக்கை, இழைக்கூட்டுப் பொருளால் ஆன உடல். 1993இல் முதல் மாதிரி பறந்தது. ஹன்சா-3க்கு 2000இல் சான்றிதழ் கிடைத்தது. பறக்கும் சங்கங்களுக்குப் போன ஹன்சாக்களைக் கட்டுவதில் நம் ஓசூருக்கும் பங்குண்டு. தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் சொந்த ஓடுபாதையோடு இருக்கும் தனேஜா நிறுவனத்தில் அந்த வேலை நடந்தது. அமெரிக்கர்கள் 2004இல் வகுத்த லைட் ஸ்போர்ட் வகைக்கு அப்போது வைத்த எடை வரம்பு 600 கிலோ. ஹன்சா அதற்குச் சற்று மேலே, மிக இலகு விமானம் என்று ஐரோப்பியர் பிரித்த வகையில் வரும். என்ஜின் மட்டும் இரண்டு வகைக்கும் பெரும்பாலும் பொது: ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ்.

2021 செப்டம்பரில் இதன் புதிய தலைமுறை, ஹன்சா-என்.ஜி., முதன்முதலாகப் பறந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் ரோட்டாக்ஸ் என்ஜின், கண்ணாடித் திரைகள் கொண்ட காக்பிட். புதிய என்ஜின் வந்தால் பழைய பக்கம் செல்லாது. கார்புரேட்டர் உள்ள என்ஜினுக்கு எழுதிய வரிகளில் பாதி இங்கே பொருளற்றவை. எரிபொருளைப் பாய்ச்சும் மின்பம்பு, தீப்பொறியை ஆளும் இரட்டைக் கணினித் தடம் என்று புது வரிகள் வேண்டும். மின்சாரம் போனால் இந்த என்ஜினும் போகும். அதனால் பேட்டரி சுவிட்சுக்கு அந்தப் பக்கத்தில் முன்பில்லாத அந்தஸ்து.

2022 பிப்ரவரி 19 அன்று அந்த விமானம் பெங்களூரிலிருந்து 140 கடல் மைலை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து புதுச்சேரியில் இறங்கியது. மார்ச் 5 வரை 18 மணி நேரம் அங்கே பறந்தார்கள். எதற்குப் புதுச்சேரி? பெங்களூர் ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. கடலோரத்து அடர்ந்த காற்றில் இறக்கையும் என்ஜினும் புரொப்பெல்லரும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சோதித்தவற்றில், இறங்கும் கடைசி நொடியில் மனம் மாறி மறுபடி மேலேறுவதும் ஒன்று. அதுவும் கையேட்டில் ஒரு பக்கம்.

பிறகு மே மாதம், கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே. ஆளில்லா விமானங்களுக்காக டி.ஆர்.டி.ஓ. அமைத்த சோதனைக் களம். கீழே சொந்த ஓடுபாதை, சுற்றிலும் வெட்டவெளி. 17ஆம் தேதி விங் கமாண்டர் கே.வி. பிரகாஷும் விங் கமாண்டர் என்.டி.எஸ். ரெட்டியும் ஹன்சா-என்.ஜி.யை 7,000–8,000 அடிக்கு ஏற்றினார்கள். சரஸில் போன மூவரின் அதே சோதனை நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். என்ஜினை நிறுத்தினார்கள். 60 முதல் 70 நாட் வேகத்தில், புரொப்பெல்லர் காற்றில் சுழலும் நிலையிலும், அசையாமல் நிற்கும் நிலையிலும் விமானம் எப்படிப் பறக்கிறது என்று பார்த்தார்கள். இயல்பாகவே பறந்தது. என்ஜினைக் கிளப்பினார்கள். கிளம்பியது. செய்திக்குறிப்பு சிறியதுதான்.

இரண்டு நிலைகளையும் ஏன் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்? ரோட்டாக்ஸ் என்ஜின் வேகமாகச் சுழலும் வகை. பல்சக்கரம் அந்த வேகத்தை ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்துப் புரொப்பெல்லருக்குத் தருகிறது. என்ஜின் நின்றபின் காற்று புரொப்பெல்லரைச் சுழற்றப் பார்த்தால், அதே பல்சக்கரம் எதிராக வேலை செய்யும். மெதுவாகச் சறுக்கினால் புரொப்பெல்லர் அப்படியே நின்றுவிடும். முன்னால் ஓர் இதழ் அசையாமல் நிற்பதைப் பார்ப்பது பழகாத விமானிக்கு அடிவயிற்றைக் கலக்கும் காட்சி. அது ஆபத்தில்லை, ஸ்டார்ட்டரைத் தட்டு என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வரியைத் துணிந்து எழுத, அது உண்மை என்று ஒருவர் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

உயரமோ, கையிருப்புப் பணம். சிறு விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் பத்தடி முன்னே போகும் என்று வைத்துக்கொண்டால், 65 நாட் வேகத்தில் ஆயிரம் அடியைச் செலவழிக்க ஒன்றரை நிமிடம். தரையிலிருந்து 5,000 அடியில் என்ஜின் நின்றால் ஏழெட்டு நிமிடம் இருக்கிறது. ஒரகடத்துக்கு மேலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சறுக்கலாம். 500 அடியில் நின்றால் முக்கால் நிமிடம். அதனால்தான் கிளம்பியவுடன் என்ஜின் போனால் மறுகிளப்பும் பக்கத்தைத் திறக்கவே கூடாது. மூக்கைத் தாழ்த்து, வேகத்தைப் பிடி, முன்னால் இருக்கும் இடத்தில் இறங்கு. ஓடுபாதைக்குத் திரும்பலாம் என்று ஆசைப்பட்டு வளைந்தவர்கள் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள்: உயரம் மாறாத வளைவில் 60 பாகை சாய்ந்தால், இறக்கை தூக்குதிறனை இழக்கும் வேகம் 41 விழுக்காடு கூடிவிடும்.

நேரம் இருந்தாலும், எங்கே இறங்குவது என்பதைப் பக்கம் சொல்லாது. நம் தொழில் வட்டாரத்தையே மேலிருந்து நினைத்துப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் தகரக் கூரைகள், புது கார்கள் நெருக்கி நிற்கும் மைதானங்கள், நடுநடுவே மிச்சமிருக்கும் வயல். ஸ்ரீபெரும்புதூர் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையத்திலிருந்து நாலாபுறமும் போகும் கம்பிகள். கம்பி மேலிருந்து தெரியாது. கோபுரங்களைத் தேடி, அவற்றுக்கிடையே கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கோடையில் வற்றிய ஏரி ஓடுபாதை மாதிரி ஆசைகாட்டும். மேலே பொருக்கு, கீழே சேறு, முன்சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். நாற்று நட்ட வயலும் அப்படியே. அறுத்த வயலில் சால் போன திசையிலேயே இறங்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நேர்ப்பகுதி கண்ணுக்குத் தெரிந்தால் நான் அதைத்தான் பார்ப்பேன். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்திவிட்டுத்தானே இங்கே வந்தார்கள். ஒருநாள் கடனைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் சென்னை, தாம்பரம் விமானத் தளங்கள் இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வானில் விளையாட்டு விமானம் இஷ்டத்துக்கு உலாவ முடியாது.

இங்கே இனி அதிகம் சோதிக்கப்படப்போவது ஆள் இல்லாதவை. வல்லம் வடகாலில் சிப்காட் விமானத் தொழிற்பூங்காவில் ட்ரோன்களுக்கான பொதுச் சோதனை மையம் ஒன்று சுமார் 45 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டம், தமிழக அரசின் டிட்கோவின் முன்னெடுப்பு, கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமையிலான கூட்டமைப்பு. ட்ரோனிலும் மூன்றாம் பகுதி உண்டு: தொடர்பு அறுந்தால் இந்த உயரத்துக்கு ஏறி வீடு திரும்பு, பேட்டரி இவ்வளவுக்குக் கீழே போனால் நின்ற இடத்தில் இறங்கு. மென்பொருளில் எழுதியிருக்கும். படிக்கும் கண் தரையில் இருக்கும்.

ஹன்சா-என்.ஜி.யைத் தயாரிக்கும் உரிமம் 2025இல் மும்பைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. பறக்கும் சங்கத்தில் அதில் உட்காரும் மாணவர், அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்வார். ஆனால் என்ஜினை நிறுத்தமாட்டார். பயிற்சியில் ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் திராட்டிலைப் பின்னுக்கு இழுப்பார், அவ்வளவுதான். என்ஜின் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். மாணவர் வேகத்தைப் பிடித்து, வயலைத் தேர்ந்து, சுவிட்சுகளைத் தொட்டுத் தொட்டு வரிகளைச் சொல்லிக்கொண்டே இறங்குவார். நடுவில் ஓரிரு முறை ஆசிரியர் திராட்டிலைத் தள்ளி என்ஜினைச் சூடேற்றிக்கொள்வார். ஆறிப்போன என்ஜின் கடைசியில் உண்மையாகவே அடம்பிடித்துவிடக் கூடாது. தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போது முழுத் திராட்டில் கொடுத்து மேலேறிவிடுவார்கள்.