மழலையர் உறங்கும் நேரம்

தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர், அது எப்பொழுது தோன்றிற்று, எவ்வாறு பரவிற்று என்றே விவரிப்பது வழக்கம். அது நாள்தோறும் நிறுத்தப்பட்ட கதையும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், பிரிட்டனில் மாலை 6 மணி ஆனதும் தொலைக்காட்சித் திரை வெறுமையாகிவிடும். 7 மணிக்கே மீண்டும் படம் தெரியும். இது கருவியின் பழுது அன்று. நிகழ்ச்சி முடிந்துவிட்டதெனக் கண்டு சிறு குழந்தைகள் அடம் பிடிக்காமல் படுக்கைக்குச் செல்லட்டும், மூத்த பிள்ளைகள் பாடம் படிக்கட்டும் என்ற எண்ணத்தால் விளைந்த ஏற்பாடு. 'மழலையர் போர்நிறுத்தம்' என்று பொருள்படும் பெயரொன்று அதற்கு வழங்கிற்று. மாலைதோறும் தாய்க்கும் பிள்ளைக்கும் நிகழும் போரைப் பார்த்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் தானே விளங்கும்.

அக்காலத்தில் பச்சிளங் குழந்தைகளுக்கென அமைந்த நிகழ்ச்சிகளும் இதே கருத்தைத் தழுவியவையே. 1950 ஜனவரியில் பி.பி.சி. வானொலி, 'லிஸன் வித் மதர்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. தாயுடன் அமர்ந்து கேட்பதற்கு என்பதைப் பெயரே கூறிவிடுகிறது. அவ்வாண்டு ஜூலை 11-ஆம் நாள் தொலைக்காட்சியில் 'ஆண்டி பாண்டி' தோன்றினான். கோடு போட்ட உடையணிந்த நூற்பாவை அவன். கரடிப் பொம்மை ஒன்றும் கந்தல் துணிப் பொம்மை ஒன்றும் அவனுடைய தோழர்கள். அவனை உருவாக்கியவர்கள் ஃபிரீடா லிங்ஸ்ட்ராம், மரியா பேர்டு என்னும் இரு பெண்மணிகள். பொம்மையை ஆட்டும் நூல் திரையில் தெளிவாகத் தெரியும். அதனால் எந்தக் குழந்தையும் ஏமாற்றம் அடைந்ததாகத் தெரியவில்லை! கதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆடுவான், ஊஞ்சலில் ஏறுவான், கூடைக்குள் ஒளிவான். பார்க்கும் குழந்தையும் உடன் ஆட வேண்டும். இருபத்தாறு படங்களே எடுக்கப்பட்டன. அவற்றையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கேட்ட கதையையே மீண்டும் கேட்க விரும்புவது குழந்தை இயல்பன்றோ? இத்தகைய நிகழ்ச்சிகள் பின்னர் 'வாட்ச் வித் மதர்' என்ற பொதுப் பெயரைப் பெற்றன. தாய் அருகில் இருப்பாள் என்பதை அடிப்படையாகக் கொண்டே அவை அமைந்திருந்தன.

நிற்க. 1955 செப்டம்பர் 22-ஆம் நாள், விளம்பர வருவாயை நம்பிய ஐ.டி.வி. பிறந்தது. பி.பி.சி.க்கு உரிமக் கட்டணமே வருவாய். ஒரு மணி நேரம் மூடியிருந்தால் அதற்குச் செலவு மிச்சம். ஐ.டி.வி.க்கோ அந்த மணி முழுவதும் நட்டம். குழந்தைகளின் உறக்கத்தைப் பற்றி இரு தரப்பும் பேசிய பேச்சில் கணக்கேட்டின் வாடை வீசியது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு, போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் பதவியில் இருந்த சார்லஸ் ஹில் என்பவரிடம் வந்தது. அவர் மருத்துவர்; போர்க்காலத்தில் 'வானொலி டாக்டர்' என்று பெயர் பெற்று, எதை உண்ணலாம், உடம்பை எப்படிப் பேணலாம் என்று வீடுதோறும் அறிவுரை வழங்கியவர். ஆயினும், குழந்தையை உறங்க வைப்பது பெற்றோர் கடமை, அதை அரசு ஏற்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. 1957 பிப்ரவரி 16, சனிக்கிழமையன்று போர்நிறுத்தம் முடிவுற்றது. அன்று மாலை 6 மணி 5 நிமிடத்திற்கு, ஒழிந்திருந்த நேரத்தில் பி.பி.சி. தொடங்கிய புது நிகழ்ச்சி, இளைஞர்களுக்கான ராக் அண்ட் ரோல் இசை!

ஹில் கூறியது நியாயமே. ஆனால் திரை தானாக அணைந்தவரை, இல்லை என்று சொல்லும் வேலை தாய்க்கு இல்லை. அன்று முதல் அவளே சொல்ல வேண்டியதாயிற்று.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1997 மார்ச்சு 31-இல் பி.பி.சி.யில் 'டெலிடபீஸ்' வந்தது. பேசத் தொடங்கும் குழந்தைகளுக்காக, மழலை மொழியே பேசும் நான்கு உருவங்கள். அவற்றின் வயிற்றிலேயே தொலைக்காட்சித் திரை. சொல் திருத்தமாக இல்லையென்று பலர் குறை கூறினார்கள். 1999-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தொலைக்காட்சி வேண்டாம் என்று பெற்றோருக்கு அறிவுறுத்தியது. வணிகர்கள் அதற்காகத் தயங்கவில்லை. 2003-இல் இஸ்ரேலில் 'பேபி டி.வி.'யும், 2006-இல் அமெரிக்காவில் 'பேபி ஃபர்ஸ்ட்'டும் தோன்றின. கைக்குழந்தைகளுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் அலைவரிசைகள் அவை.

2008 ஜூலையில் பிரான்சு நாட்டின் ஒளிபரப்பு மேற்பார்வை மன்றம் குறுக்கிட்டது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு உரியவை என்று கூறி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பலாகாது எனப் பிரெஞ்சு நிலையங்களுக்குத் தடை விதித்தது. வெளிநாட்டு அலைவரிசைகளைத் தடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே, இவ்வயதுக் குழந்தைகளுக்கென்றே அமைந்த நிகழ்ச்சியாயினும் தொலைக்காட்சி அவர்கள் வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்னும் எச்சரிக்கையை, எழுத்தறியாக் குழந்தையின் அருகில் இருக்கும் பெரியவர் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று அவற்றை வழங்கும் நிறுவனங்களைப் பணித்தது.