அரை மணி நேரச் சாப்பாடும் 480 நாட்களும்

சென்ற மாதம் அக்கா போன் செய்தாள். "உன் மருமகன் இனிமே கம்பெனி வேலைக்கே போகமாட்டேன்னு உட்கார்ந்திருக்கான்டா. பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றானாம். நீயாவது கொஞ்சம் சொல்லு" என்றாள். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 22 மாதம் வேலை பார்த்தான். கடைசி நாள் வரைக்கும் அவனுக்குப் பெயர் 'ட்ரெய்னி'. பிறகு ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் நின்ற மெஷினில் மறுநாளே இன்னொரு ட்ரெய்னி.

நான் என்ன சொல்வது? இருபது வருஷமாக ஏசி அறையில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பவன் 'தொழிற்சாலை வேலை நல்ல வேலைடா' என்று சொன்னால் சிரிப்பான். அதனால் சொல்லவில்லை. ஆனால் கேள்வி மட்டும் விடவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது.

என் பெரியப்பா வடசென்னையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். என் அப்பா ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. எண்பதுகளில் எங்கள் குடும்பத்தில் வசதியானவர் பெரியப்பாதான். அவர் சம்பளம் அப்பாவுடையதைவிட அதிகம். தீபாவளி போனஸ் வந்தால் எங்களுக்கும் சேர்த்துத் துணி எடுப்பார். கேன்டீனில் சாப்பாடு சல்லிசு. பெரியம்மாவுக்கு ஆபரேஷன் ஈ.எஸ்.ஐ.யில் நடந்தது. பி.எஃப். கடன் போட்டுத்தான் வீடு கட்டினார். அவருக்குப் பெண் கொடுக்க இரண்டு வீட்டார் போட்டி போட்டார்களாம். இதைப் பெரியப்பா சொல்லும்போதெல்லாம் பெரியம்மா உள்ளே எழுந்து போய்விடுவார்.

அதே ஃபிட்டர் வேலை, அதே ஊர். ஒரு தலைமுறையில் 'பெண் கொடுக்கப் போட்டி' என்பது 'டெலிவரியே மேல்' என்று எப்படி ஆனது? இதைத் தேடப் போய்த்தான் பெரம்பூருக்கு, அதுவும் 1918க்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெரம்பூர், ஓட்டேரி பக்கம் இன்றைக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பியிருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இரண்டு ஆலைகள் இருந்தன. பக்கிங்காம் ஆலை 1876இல் தொடங்கியது, கர்நாடிக் ஆலை 1881இல். பிற்பாடு இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி மில் ஆயின. காக்கித் துணிக்குப் பேர்போன மில். அங்கே 1918இல் காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்கு வெளியே வரலாம். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே ஜவுளி ஆலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேர வேலையை அனுமதித்திருந்தது.

நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மெஷினை விட்டு வர வேண்டும், கைகால் கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி மெஷினுக்குப் போய் நிற்க வேண்டும். தொழிலாளர்களின் முதல் கோரிக்கை என்ன தெரியுமா? கூலி உயர்வைவிட முன்னால் வந்தது இந்தச் சாப்பாட்டு நேரம்தான். 30 நிமிடத்தை 40 ஆக்குங்கள் என்று கேட்டார்கள். பத்தே நிமிடம். போராடித்தான் அது கிடைத்தது.

இதைப் பேச ஒரு சங்கம் வேண்டியிருந்தது. பெரம்பூர் வட்டாரத்துச் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இருவரும் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' அலுவலகத்தில் பி.பி.வாடியாவைப் பார்த்துத் தொழிலாளர் நிலைமையைச் சொன்னார்கள். திரு.வி.க.வும் சேர்ந்துகொண்டார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1920 கடைசியில் மோதல், கதவடைப்பு. கம்பெனி நேராக ஹைகோர்ட்டுக்குப் போனது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா முதலானவர்கள் மேல் நஷ்டஈட்டு வழக்கு, தடையுத்தரவும் வாங்கியாகிவிட்டது. அன்றைக்குத் தொழிற்சங்கம் என்பதற்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. சங்கம் நடத்துவதே சதி என்று வாதாடலாம், வாதாடினார்கள். 1921 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. அதன்படி வாடியா சங்கத்தைவிட்டு விலக வேண்டியிருந்தது. இந்த வழக்கு கிளப்பிய சத்தத்தில்தான் என்.எம்.ஜோஷி தொழிற்சங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று மத்திய சட்டசபையில் பேச, இழுத்தடித்து 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இந்த 1926 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

இடையில் 1921 வேலைநிறுத்தம். இதைப் பற்றிப் பேசாமல் பி அண்ட் சி வரலாற்றை இனிப்பாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபக்கம், ஆதிதிராவிடர்கள் மறுபக்கம் என்று புளியந்தோப்பில் மோதல் வெடித்துக் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச்சூடு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

ஏன் சேரவில்லை? 'கருங்காலிகள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிராமத்தில் பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு மில் என்பது என்ன? மாதம் பிறந்தால் காசாகக் கூலி. எஜமான் வீட்டுப் புறவாசலில் நின்று நெல்லாக அளந்து வாங்குவது அல்ல. 12 மணி நேரமும் அரை மணிச் சாப்பாடும் கொடுமைதான், ஆனால் அவன் விட்டுவந்த இடம் அதைவிடக் கொடுமை. ஒரு வேலை நல்லதா என்பது அதைச் செய்பவன் எங்கிருந்து வருகிறான் என்பதையும் பொறுத்தது. அவனுடைய பயத்தைச் சங்கம் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு மெள்ள மெள்ளச் சட்டங்கள் வந்தன. 1922இல் வாரம் 60 மணி. 1934இல் 54. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் நாளைக்கு 9, வாரத்துக்கு 48, அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948, பி.எஃப். சட்டம் 1952, போனஸ் சட்டம் 1965. பெரியப்பாவின் சல்லிசுச் சாப்பாடு, பெரியம்மா ஆபரேஷன், வீடு, எங்கள் தீபாவளித் துணி எல்லாம் வரிசையாக வருகிறதா? இவ்வளவு நாள் அவையெல்லாம் 'ஃபிட்டர் வேலை'யின் குணம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஸ்பேனர் பிடிப்பதில் அப்படி ஒரு மகிமையும் கிடையாது.

இன்றைக்கும் அந்தச் சட்டப் பாதுகாப்புகளில் பல பெயரளவிலாவது இருக்கத்தானே செய்கின்றன என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அவை யாருக்கு என்பதில்தான் சூட்சுமம்.

தமிழ்நாட்டில் 1981இல் ஒரு அருமையான சட்டம் போட்டார்கள். 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்கியே தீர வேண்டும். சரி, ஒரு புரோகிராமரிடம் இந்த விதியைக் கொடுத்து, நிரந்தரமே ஆக்காமல் ஆலையை ஓட்டு என்றால் என்ன செய்வான்? கவுன்டர் 480ஐத் தொடுவதற்கு முன் ரீசெட் செய்துவிட்டு லூப்பைத் திரும்ப ஆரம்பிப்பான். அல்லது உள்ளே வருபவனின் டைப்பையே மாற்றிவிடுவான், 'தொழிலாளி' என்று அறிவிக்காமல். 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. காண்ட்ராக்டில் வருபவர் காண்ட்ராக்டரின் ஆள். மத்திய அரசின் 2022-23 தொழில் ஆண்டு ஆய்வின்படி நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பேர் காண்ட்ராக்ட். என் மருமகன் மாதிரி ட்ரெய்னிகளின் கதை தனி.

அவனிடம் பேசியபோது இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னான். "மாமா, மெஷின்ல நிக்கறது எனக்குப் பிடிக்கும். சிஎன்சி நல்லா ஓட்டுவேன். பக்கத்து மெஷின் அண்ணன் பெர்மனன்ட், அதே வேலைக்கு என்னைவிட மூணு மடங்கு வாங்கறார். பஸ்ல அவருக்குத் தனி சீட்டு. அதுதான் தாங்கல."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் இன்னொரு காட்சி. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து விடுதிக்கு வந்து தங்கி, சொந்த வங்கிக் கணக்கில் சம்பளம் வாங்கி, தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் பெண்கள். அவர்களிடம் போய் இது கெட்ட வேலை என்று என்னால் சொல்ல முடியாது. பெரம்பூர் மில்லுக்கு வந்த பண்ணையாள் கதைதான் இது, நூறு வருஷம் கழித்து. ஆனால் அதே பெண்கள் 2021 டிசம்பரில் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். 1918இல் சாப்பிட நேரம் கேட்டார்கள், 2021இல் சாப்பிடத் தகுந்த சாப்பாடு கேட்டார்கள். அதன் பிறகு வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் புது விடுதி 2024இல் திறக்கப்பட்டது.

இன்னொன்று, 1926. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், 37 நாள் நடந்தது. இவர்கள் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்கள். முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, தங்கள் சங்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ்? பெரம்பூர் வழக்கிலிருந்து முளைத்த அதே 1926 சட்டத்தின் கீழ். ஹைகோர்ட்டுக்குப் போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. ஹைகோர்ட் என்ற வார்த்தையைத் தட்டும்போது வாடியா ஞாபகம் வந்தது.

வேலை நேரமும் திரும்பி வந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான். சரியாக நூறு வருஷம். (எங்கள் துறையில் 12 மணி நேரம் உட்காருவதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை, நாங்களே பெருமையாகச் செய்கிறோம் என்பது வேறு விஷயம்.)

ஆக, அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அவனைத் திட்டாதே. அவன் வேலைக்குப் பயப்படவில்லை, அந்தப் பெயருக்குத்தான் பயப்படுகிறான். டெலிவரியிலும் அவன் தொழிலாளி இல்லை, 'பார்ட்னர்'. அங்கே 480 என்று எண்ணுவதற்குக்கூட ஒன்றும் கிடையாது. தொழிற்சாலையில் எண்ணவாவது ஒரு சட்டம் இருக்கிறது. கையில் தொழில் இருப்பவன் அதை விட்டுவிட்டு வெயிலில் பைக் ஓட்டுவது எனக்கு உவப்பாயில்லை. ஆனால் என்ன பெயரில் எடுக்கிறார்கள் என்று கேட்காமல் இனி எங்கேயும் சேராதே என்று அவனிடம் சொன்னேன்.

போன வாரம் இன்னொரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனான். கேட்டிருக்கிறான். "ஃபிக்ஸட் டேர்ம்னு சொன்னாங்க மாமா, மூணு வருஷம். லெட்டரை மெயில்ல அனுப்பியிருக்காங்க, 18 பக்கம். ஒண்ணும் புரியல" என்றான். வரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கப் போகிறோம். பெரியப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியை மறக்காமல் எடுத்துவருகிறேன் என்றார்.